பழைய 'டீவி கேம்' பெட்டிக்கு இன்னும் ஏன் கிராக்கி?

புறக்கோட்டையில் இலத்திரனியல் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். குவாங்சோவிலிருந்து அனுப்பப்பட்டது. தொண்ணூறுகளில் நாம் 'டீவி கேம்' என்று அழைத்த அதே விளையாட்டுப் பெட்டி, இப்போது உள்ளங்கையளவில் வந்திருக்கிறது. இரண்டு ஜொய்ஸ்டிக், உள்ளே அறுநூறு விளையாட்டுக்கள். கெசட் போடத் தேவையில்லை.

"நானா, ஐந்நூறு பெட்டி எடுத்தா விலை நல்லாக் குறையுது. ஆனா இது ஓடுமா? பிள்ளைகள் எல்லாம் இப்ப போன்ல தானே விளையாடுறாங்க?" என்று கேட்டார்.

பிள்ளைகளை நம்பி எடுப்பதாக இருந்தால் வேண்டாம் என்றேன். இந்தச் சாமானை வாங்கப் போவது மகனல்ல, வாப்பா. சிறு வயதில் பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியில் தன் முறை வரும்வரை காத்திருந்து விளையாடியவர், இன்று நாற்பது வயதில் சம்பாதித்துக்கொண்டிருக்கிறார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய விளையாட்டுப் பெட்டிகளுக்கு ஒரு தனிச் சந்தையை உருவாக்கியிருப்பவர்கள் இத்தகையவர்களே. பெரிய பெரிய கம்பனிகள் இந்தச் சந்தையில் இலாபமும் பார்த்தன, சூடும் பட்டன. அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு ஓடர் போடுங்கள் என்று நண்பருக்குச் சொன்னேன். அன்று அவரிடம் சொன்னதையும், அதன் பின் தேடிப் பார்த்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

குப்பையிலிருந்து ஏலத்துக்கு

அமெரிக்காவின் அட்டாரி கம்பனி 1977இல் தனது முதலாவது கெசட் போடும் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முன்பக்கம் மரப் பலகை போன்ற அலங்காரம். பின்னாளில் அது 'அட்டாரி 2600' என அழைக்கப்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் வீடியோ கேம் என்றால் அட்டாரிதான். இலாபத்தைக் கண்டதும் எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பனிகூட ஒரு கிளை திறந்து கெசட் தயாரித்தது என்றால் நிலைமையை யூகித்துக்கொள்ளலாம். யார் எதைத் தயாரிப்பது என்பதற்குக் கட்டுப்பாடே இருக்கவில்லை. தரமற்ற கெசட்டுகள் கடைகளில் குவிந்தன. முப்பது டொலருக்கு மேல் விற்ற சாமானை ஐந்து டொலருக்குத் தள்ளிவிட வேண்டிய நிலை கடைக்காரருக்கு வந்தது.

1982 நத்தார் விற்பனையைக் குறிவைத்து, பிரபல 'ஈ.ரி.' திரைப்படத்தின் பெயரில் அட்டாரி ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதை எழுதி முடிக்கத் தயாரிப்பாளருக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஐந்து வாரங்கள். கெசட்டுகள் இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்டன. பெருந்தொகை விற்காமல் திரும்பி வந்தது. 1983 செப்டெம்பரில் அட்டாரி தனது தேங்கிய சரக்கை லொறிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரத்துக் குப்பை மேட்டில் புதைத்தது. மேலே கொங்கிரீட்டும் ஊற்றப்பட்டது. 3 பில்லியன் டொலருக்கு மேல் புரண்ட அமெரிக்க வீடியோ கேம் வியாபாரம் 1985 ஆகும்போது 100 மில்லியன் டொலரளவுக்குச் சுருங்கியதாகக் கணக்கிடப்படுகிறது.

31 வருடங்களின் பின், 2014 ஏப்ரலில் அந்தக் குப்பை மேட்டைத் தோண்டினார்கள். அன்று காற்றும் புழுதியும் அடித்த பாலைவனத்தில் ரசிகர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். சுமார் 1,300 கெசட்டுகள் வெளியே எடுக்கப்பட்டன. நசுங்கியவை, நாற்றமடிப்பவை. நகரசபை அவற்றில் எண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றை இணையத்தில் ஏலம் போட்டது. கிடைத்த தொகை ஒரு இலட்சத்து ஏழாயிரம் டொலருக்கு மேல். ஒரு 'ஈ.ரி.' கெசட் மட்டும் 1,537 டொலருக்குப் போனது. அதே விளையாட்டின் நல்ல நிலையிலுள்ள பிரதியைப் பழைய சாமான் கடையில் சில டொலருக்கு வாங்கலாம் என்பது ஏலம் கேட்டவர்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் வாங்கியது விளையாடுவதற்காக அல்ல. 'இது அந்தக் குழியிலிருந்து வந்தது' என்று நகரசபை உறுதிப்படுத்திக் கொடுத்த கடதாசியோடு சேர்த்துத்தான் வாங்கினார்கள். நமது நகரசபைகள் குப்பைக்கு வழி தேடித் திரியும்போது எனக்கு இந்தக் கதை அடிக்கடி நினைவுக்கு வரும்.

விற்காததைத் திருப்பி எடுத்த கம்பனி

அமெரிக்கச் சந்தை படுத்துக்கிடந்த அதே 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் திகதி, ஜப்பானின் நின்டென்டோ கம்பனி 'ஃபமிகொம்' என்ற பெட்டியை 14,800 யென் விலையில் வெளியிட்டது. நின்டென்டோ 1889இல் கியோட்டோ நகரில் விளையாட்டுச் சீட்டுக் கட்டு தயாரிக்கத் தொடங்கிய கம்பனி. ஃபமிகொம் பெட்டியை வடிவமைத்த குழுவின் தலைவர் மசயுகி உவெமுரா என்ற பொறியியலாளர். முதல் தொகுதிப் பெட்டிகளில் ஒரு சிப் கோளாறு காட்டியது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி இறுகி நின்றுவிடும். கம்பனியின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி, கோளாறான பெட்டிகளை மட்டும் தேடித் திருத்துவதை விட்டு, சந்தைக்குப் போன அனைத்தையும் திருப்பி அழைத்தார். பெரிய பணம் நட்டம். ஆனால் பெயர் காப்பாற்றப்பட்டது.

அமெரிக்காவுக்குப் போகும்போது இதைவிடப் பெரிய சிக்கல். அட்டாரியால் அடிபட்ட கடைக்காரர்கள் 'வீடியோ கேம்' என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்தினார்கள். எனவே நின்டென்டோ தனது பெட்டியின் உருவத்தையே மாற்றியது. வீடியோ டெக் போல முன்பக்கமாகக் கெசட் தள்ளும் அமைப்பு. பெயரும் 'என்டர்டெய்ன்மென்ட் சிஸ்டம்'. கூடவே 'ரொப்' என்றொரு பிளாஸ்டிக் ரோபோ. விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ரோபோவைப் பார்த்து இடம் கொடுத்தார். 1985 ஒக்டோபரில் நியூயோர்க்கில் பரீட்சார்த்தமாகக் கடைகளுக்குச் சாமான் போனபோது நின்டென்டோவின் நிபந்தனை இதுதான்: இப்போது காசு வேண்டாம், விற்றதற்கு மட்டும் பணம் தாருங்கள், விற்காததை நாங்களே திருப்பி எடுப்போம். வியாபாரிகளான உங்களுக்கு இதன் பாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. சரக்கின் மீது அவ்வளவு நம்பிக்கை இருந்தாலொழிய எவரும் இப்படிச் சொல்லமாட்டார்.

அட்டாரியின் தவறையும் அவர்கள் திரும்பச் செய்யவில்லை. பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப் வைத்து, அனுமதி பெற்ற கெசட் மட்டுமே ஓடும்படி செய்தார்கள். வெளிக் கம்பனியொன்று வருடத்துக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிட முடியாது. கெசட்டையும் நின்டென்டோவே தயாரித்துக் கொடுக்கும். கெடுபிடி என்று பலர் திட்டினார்கள், வழக்கும் போட்டார்கள். ஆனால் ரசிகரின் நினைவில் தங்கியது வேறு: அந்தக் காலத்து விளையாட்டு நன்றாக இருந்தது. இந்தப் பெட்டி ஜப்பானிலும் வெளியிலுமாக மொத்தம் 6 கோடியே 19 இலட்சம் விற்றது. உற்பத்தி 2003 செப்டெம்பரில்தான் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் 2007 ஒக்டோபர் வரை ஜப்பானில் பழைய பெட்டிகளை வாங்கித் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்துநான்கு வருடம் முன் விற்ற சாமானுக்குத் திருத்த வேலை! பின்னாளில் பழைய நினைவை வைத்து நின்டென்டோ சம்பாதித்ததற்கு அத்திவாரம் இங்கேதான் போடப்பட்டது என்பது எனது அபிப்பிராயம்.

நம் வீடுகளுக்கு வந்தது யார் பெட்டி?

இதை வாசிக்கும் பலர், "நான் விளையாடியதும் அதுதான்" என்று நினைப்பீர்கள். மரியோவும் கொன்ட்ராவும் அதேதான். பெட்டி மட்டும் அதுவல்ல. தொண்ணூறுகளில் நமது கடைகளில் விற்ற டீவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபமிகொம்மைப் பிரதி செய்து சீனாவிலும் தாய்வானிலும் செய்யப்பட்டவை. நின்டென்டோ நம்மைப் போன்ற நாடுகளைத் திரும்பியும் பார்க்காத காலம் அது. ரஷ்யாவில் 1992 டிசம்பரில் 'டென்டி' என்ற பெயரில், யானைச் சின்னத்தோடு வந்த பெட்டியும் இதே வகைதான். அங்கே இன்று நடுத்தர வயதிலிருப்பவர்களுக்கு 'டென்டி' என்ற பெயரே வீடியோ கேமுக்குப் பொதுப்பெயராகிவிட்டது.

சீனாவில் இதே வியாபாரத்தைச் செய்த 'சுபோர்' என்ற கம்பனியின் கதை கைத்தொலைபேசி விற்கும் நம்மவர்கள் அறிய வேண்டியது. டுவான் யோங்பிங் என்பவர் அதை நடத்தினார். பெட்டியோடு ஒரு தட்டச்சுப் பலகையைச் சேர்த்து, 'கற்கும் இயந்திரம்' என்று பெயரிட்டு, பிள்ளை கணனி படிக்கிறான் என்று பெற்றோரை நம்ப வைத்தார். பிள்ளை என்ன செய்திருப்பான் என்பது நமக்குத் தெரியும். விளம்பரத்துக்கு நடிகர் ஜெக்கி சானையே பிடித்தார்கள். 1995இல் டுவான் அங்கிருந்து விலகி பி.பி.கே. என்ற கம்பனியைத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்தவைதான் ஒப்போவும் விவோவும். இன்று நமது கடை வாசலில் பச்சையும் நீலமுமாகத் தொங்கும் பெயர்ப் பலகைகளின் பூர்வீகம் டீவி கேமில் வந்து நிற்கிறது.

ஆகவே பழைய நினைவு என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. ஜப்பானியருக்கு சிவப்பும் வெள்ளையுமான ஃபமிகொம், அமெரிக்கருக்குச் சாம்பல் நிறப் பெட்டி, பிரேசில்காரருக்கு சேகா. பிரேசிலில் இறக்குமதித் தீர்வை அதிகம் என்பதால் டெக்டோய் என்ற உள்ளூர்க் கம்பனி அனுமதி பெற்று சேகா பெட்டிகளை அங்கேயே தயாரித்தது. உலகின் மற்றப் பகுதிகளில் மறக்கப்பட்ட 'மாஸ்டர் சிஸ்டம்' அங்கே 80 இலட்சத்துக்கும் அதிகமாக விற்றது. 2017இலும் டெக்டோய் பழைய 'மெகா டிரைவ்' பெட்டியைக் கெசட் போடும் வசதியுடனேயே மறுபடி வெளியிட்டது. நமக்கோ, அறுநூறு என்று எழுதியிருக்கும் ஆனால் எண்ணிப்பார்த்தால் முப்பதுக்கு மேல் தேறாத அந்த மஞ்சள் கெசட்தான் நினைவு. ஊருக்கு எது ஓடியதோ அதைத்தான் அந்த ஊர் தேடும்.

மூன்று கம்பனி, மூன்று விளைவு

2016 நவம்பரில் நின்டென்டோ தனது பழைய பெட்டியைச் சின்னதாக்கி, 30 விளையாட்டுக்களை உள்ளே பதித்து மறுபடி வெளியிட்டது. அமெரிக்காவில் விலை 59.99 டொலர். உள்ளே இருந்தது சீனாவின் ஒல்வின்னர் கம்பனியின் மலிவான சிப். தொழில்நுட்ப ரீதியில் அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வித்தை எல்லாம் வெளியேதான் இருந்தது. ஜொய்ஸ்டிக் கையில் பிடிக்கும்போது பழையது போலவே இருந்தது. பழைய குழாய் டீவியில் தெரியும் கோடுகளைப் புதிய தட்டை டீவியில் காட்டவும் ஒரு வசதி வைத்தார்கள். ஒரே குறை, ஜொய்ஸ்டிக் வயர் குட்டையோ குட்டை. டீவியின் முன் தரையில் குந்தியிருந்துதான் விளையாட வேண்டும். சிறு வயதில் அப்படித்தானே இருந்தோம் என்று சிலர் அதையும் ரசித்தார்கள். நாற்பது வயது முழங்கால் ரசிக்கவில்லை.

சாமான் வந்த அன்றே தீர்ந்தது. ஜப்பானில் முதல் நான்கு நாளில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விற்றது. அமெரிக்கக் கடைகளில் வரிசை. வாங்கிப் பதுக்கியவர்கள் இணையத்தில் மூன்று நான்கு மடங்குக்கு விற்றார்கள். 2017 ஏப்ரலில், 23 இலட்சம் விற்ற நிலையில் நின்டென்டோ உற்பத்தியை நிறுத்தியது. வேண்டுமென்றே தட்டுப்பாடு உண்டாக்கினார்கள் என்று பலரும் குற்றஞ்சாட்டினார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் தமது ரசிகரின் தொகையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்றே சொல்வேன். கிராக்கி இருக்கும்போது கடையைப் பூட்டியவனின் இடத்தை வேறொருவன் பிடிப்பான். அச்சொட்டாக அதே பெட்டியில் அடைத்த போலிகள் சீனாவிலிருந்து வந்து குவிந்தன. பிழையை உணர்ந்து 2018 ஜூனில் மறுபடி சாமான் விட்டார்கள். அந்த மாதம் அமெரிக்காவில் எண்ணிக்கை அடிப்படையில் அதிகம் விற்ற விளையாட்டுப் பெட்டி, முப்பது வருடத்துக்கு முந்திய இந்த வடிவம்தான். இடையில் 2017 செப்டெம்பரில் வெளியிட்ட 'சுப்பர் நின்டென்டோ' சின்னப் பெட்டியில் ஜொய்ஸ்டிக் வயர் நீளமாக்கப்பட்டிருந்தது. அதோடு, தொண்ணூறுகளில் எழுதி முடித்து வெளியிடாமலே போட்டுவிட்ட 'ஸ்டார் ஃபொக்ஸ் 2' என்ற விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பழைய ரசிகருக்கு அது பெரிய விருந்து.

இதைப் பார்த்த சொனி கம்பனிக்கும் ஆசை வந்தது. நியாயமான ஆசைதான். சொனியின் முதலாவது பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. நின்டென்டோவின் 6 கோடியை விடப் பெரிய நினைவுக் கையிருப்பு. 2018 டிசம்பர் 3ஆம் திகதி, அசல் பெட்டி வெளியான அதே திகதியில், 20 விளையாட்டுக்களுடன் 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' 99.99 டொலருக்குக் கடைக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் விலை 59.99 டொலர். அடுத்த வருடம் நாற்பதுக்கும் கீழே போனது.

என்ன நடந்தது? பெட்டி பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் சொனி பெட்டி என்றதும் ரசிகர் நினைக்கும் விளையாட்டுக்களான கிராஷ் பெண்டிகூட், கிரான் டுரிஸ்மோ, டூம் ரெய்டர் எதுவும் உள்ளே இல்லை. அனலொக் குமிழ் இல்லாத மிகப் பழைய ஜொய்ஸ்டிக்கையே கொடுத்திருந்தார்கள். விளையாட்டை ஓட்டும் மென்பொருளைத் தாமே எழுதாமல், ரசிகர்கள் இலவசமாக எழுதி வைத்திருந்த ஒன்றை எடுத்துப் போட்டிருந்தார்கள். அது சட்டப்படி பிழையல்ல. ஆனால் நூறு டொலர் கொடுத்தவருக்கு மனம் ஒப்பவில்லை. இவை எல்லாவற்றையும் விட ஒரு விடயம் ரசிகரைக் கொதிக்க வைத்தது. இருபதில் ஒன்பது விளையாட்டுக்கள் ஐரோப்பாவின் பால் முறைப் பிரதிகள். அந்த முறையில் படம் விநாடிக்கு 50 தடவை மாறும். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 60. 'டெக்கன் 3' போன்ற சண்டை விளையாட்டில் குத்து விழும் நேரம் அமெரிக்க ரசிகரின் விரலில் இருபது வருடமாகப் பதிந்திருக்கிறது. அது இழுபடுவதை அவர் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். இலங்கைத் தொலைக்காட்சியும் பால் முறைதான், நமக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்று சிலர் சொல்லலாம். ஆனால் நம்மிடம் அந்தப் பெட்டியை விற்க அவர்கள் வரவில்லையே.

மூன்றாவது சேகா. நட்டத்தால் 2001 ஜனவரியில் விளையாட்டுப் பெட்டி தயாரிப்பையே கைவிடுவதாக அறிவித்த கம்பனி. அப்போது தலைவராக இருந்த இசாவோ ஒகாவா, இறப்பதற்குச் சற்று முன் தனது சொந்தப் பங்குகளில் ஏறத்தாழ 695 மில்லியன் டொலர் பெறுமதியானவற்றைக் கம்பனிக்கே கொடுத்து அதைக் காப்பாற்றினார். பிற்காலத்தில் சேகாவின் பெயரை வாங்கி வேறு கம்பனி தயாரித்த சின்னப் பெட்டிகள் சந்தையில் இருந்தன. அவற்றில் வரும் சத்தம் சரியில்லை என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் குறை சொன்னார்கள். 2018இல் 'மெகா டிரைவ் மினி' வெளியிடப் போவதாக சேகா அறிவித்தபோது அதையும் அந்தக் கம்பனியே செய்யப் போகிறது என்று தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. சேகா என்ன செய்தது தெரியுமா? வெளியீட்டை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, பழைய விளையாட்டுக்களை நுணுக்கமாக மீட்டெடுப்பதில் பேர்போன 'எம்2' என்ற ஜப்பானியக் குழுவிடம் வேலையைக் கொடுத்தது. 2019 செப்டெம்பரில் வந்த பெட்டியில் 42 விளையாட்டுக்கள், விலை 79.99 டொலர். அந்தப் பெட்டிக்காகவே புதிதாக எழுதிச் சேர்த்த விளையாட்டும் அதில் இருந்தது. ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஒரு பருவ விற்பனையை இழந்து நல்ல பெயரை வாங்கிய முடிவு.

இந்த வாடிக்கையாளர் மற்றவரைப் போலல்லர். மின்விசிறி வாங்க வருபவருக்கு அதைப் பற்றிக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். பழைய விளையாட்டுப் பெட்டி தேடி வருபவருக்குச் சாமானைப் பற்றிக் கடைக்காரரை விட நன்றாகத் தெரியும். சிறு வயதில் அவரிடம் மூன்று கெசட்தான் இருந்திருக்கும். அதனால் அந்த மூன்றின் ஒவ்வொரு சத்தமும் மனப்பாடம். அவரை ஏமாற்றுவது கடினம்.

திருத்துபவருக்கும் வேலை உண்டு

சின்னப் பெட்டி போதாது, அசலே வேண்டும் என்பவர்கள் தனி. டோக்கியோவின் அகிஹபராவில் 'சுப்பர் பொட்டேட்டோ' என்ற கடை மாடி மாடியாகப் பழைய பெட்டிகளும் கெசட்டுகளும் அடுக்கி விற்கிறது. யென் பெறுமதி சரிந்த பிறகு வெளிநாட்டுப் பயணிகள் அங்கே பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிறார்கள். ஒரு நகைச்சுவைக் கலைஞர் வேலைத்தல உடுப்போடு பழைய விளையாட்டுக்களை விளையாடித் திணறுவதைக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சியே அங்கு 2003 முதல் ஓடுகிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுக்களில் 87 வீதமானவை இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் வரலாற்று மன்றம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. புதிதாகக் கிடைக்காததால் பழையதற்கு விலை.

இந்த அசல் பெட்டிகளைச் சுற்றி ஒரு கைத்தொழிலே இருக்கிறது. நின்டென்டோவின் சாம்பல் பெட்டியில் 72 ஊசிகள் கொண்ட இணைப்பி தேய்ந்துவிடும். அதனால்தான் அன்று எல்லோரும் கெசட்டை வாயால் ஊதினார்கள். ஊதியதால் எச்சில் ஈரம் பட்டுத் துருப் பிடித்ததுதான் மிச்சம். இன்று அந்த இணைப்பி தனியாகத் தயாரித்து விற்கப்படுகிறது. விளையாட்டின் நிலையைச் சேமிக்கும் கெசட்டுக்குள் ஒரு பட்டன் பற்றரி இருக்கும். அதை மாற்ற வேண்டும். கசியும் கெப்பாசிட்டர்களை மாற்ற வேண்டும். மஞ்சளித்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெரொக்சைட் பூசி வெயிலில் வைத்து வெளுக்கிறார்கள். நாம் பழைய இரும்புக்காரருக்குப் போட்ட குழாய் டீவிக்குக்கூட அங்கே கிராக்கி, குறிப்பாக சொனி டிரினிட்ரோன். வாத்துச் சுடும் விளையாட்டின் துப்பாக்கி தட்டை டீவியில் வேலை செய்யாது என்பதும் ஒரு காரணம். அட்டாரி என்ற பெயரை இன்று வைத்திருக்கும் கம்பனியும் 2023 நவம்பரில், 1977இன் கெசட்டை அப்படியே போடக்கூடிய புதிய பெட்டியை விற்கத் தொடங்கியது.

ஏலச் செய்திகளைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். 2021 ஜூலையில் உறை பிரிக்காத 'சுப்பர் மரியோ 64' கெசட் ஒன்று அமெரிக்காவில் 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விற்றது. அது முதலீட்டாளரின் விளையாட்டு, ரசிகரின் விளையாட்டல்ல. அந்த உச்சம் நீடிக்கவும் இல்லை. வங்குரோத்தான ஒரு கம்பனியின் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமார் 75 டொலருக்கு ஏலத்தில் எடுத்த ஒருவருக்கு, நின்டென்டோவும் சொனியும் சேர்ந்து செய்யத் தொடங்கிப் பின் முறித்துக்கொண்ட மாதிரிப் பெட்டி அதற்குள் கிடைத்ததும், அது 2020 மார்ச்சில் 3 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போனதும் உண்மை. ஆனால் அதை நம்பி எவரும் கடை திறக்க முடியாது.

நண்பரின் ஐந்நூறு பெட்டி

இப்போது புறக்கோட்டை நண்பரின் கேள்விக்கு வருவோம். அறுநூறு விளையாட்டு உள்ளே உண்டு என்கிறார்கள். அந்த விளையாட்டுக்களின் உரிமையாளர் யார்? நின்டென்டோ, கொனாமி, கெப்கொம். அவர்களிடம் அனுமதி பெற்றதாக விலைப்பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. தொண்ணூறுகளில் இதை யாரும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள். இத்தாலியின் டுரின் நகரில் நிதிப் பொலிஸார் 2024இல் இப்படிப்பட்ட 12 ஆயிரம் பெட்டிகளைக் கைப்பற்றினார்கள். எல்லாம் சீனாவிலிருந்து வந்தவை. உள்ளே இருந்த களவுப் பிரதிகள் மொத்தம் 4 கோடியே 70 இலட்சத்துக்கு மேல் எனவும் பெறுமதி ஏறத்தாழ 5 கோடி யூரோ எனவும் கணக்கிட்டார்கள். இறக்கியவர்கள், விற்றவர்கள் என ஒன்பது பேர் மீது முறைப்பாடு. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரல்களையும் பாதுகாக்கிறது. எவரும் இதுவரை கேட்கவில்லை என்பது சட்டத்தில் ஒரு பதிலல்ல. அடுத்தவர் பொருளை அனுமதியின்றி விற்ற காசு என்ற கணக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விடயமும் நண்பரிடம் சொன்னேன். மாதிரிக்கு ஒரு பெட்டி வரவழைத்து, அதை ஒரு நாற்பது வயதுக்காரர் கையில் கொடுத்துப் பாருங்கள் என்றேன். வரவழைத்தார். கடையில் கணக்கு எழுதும் தம்பி, சிறு வயதில் மரியோவில் ஊறியவர், இரண்டு நிமிடம் விளையாடிவிட்டு ஜொய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "முதலாளி, பாட்டு பிழையா வருது. பாயிறதும் கொஞ்சம் பிந்துது" என்றார். நண்பருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஐந்நூறு பெட்டி ஓடர் நின்றுவிட்டது. ஆனால் அந்தத் தம்பி வீட்டில் பழைய பெட்டி ஒன்று பரணில் கிடப்பதாகவும், புதிய டீவியில் மஞ்சள், வெள்ளை வயர் குத்த ஓட்டை இல்லாததால் போட முடியவில்லை என்றும் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். நண்பர் அதைப் பிடித்துக்கொண்டார். பழைய வயரைப் புதிய டீவியின் எச்.டி.எம்.ஐ. துளைக்கு மாற்றிக் கொடுக்கும் சின்ன இணைப்பியில் இருநூறும், அடப்டரில் நூறும், ஜொய்ஸ்டிக்கில் ஐம்பது சோடியும் எடுத்திருக்கிறார். சாமான் வந்து மூன்று வாரமாகிறது. இணைப்பியில் பாதிக்கு மேல் போய்விட்டதாம். வாங்குபவர்கள் பெரும்பாலும் விலை பேசுவதில்லை, "இது அந்தப் பழைய பெட்டிக்குச் சரியா வருமா?" என்றுதான் கேட்கிறார்களாம். ஜொய்ஸ்டிக் இன்னும் நாற்பது சோடி அப்படியே கிடக்கிறது. அதன் பட்டன் அழுத்தமும் பழையது போல இல்லையென்று அந்தத் தம்பி முதலிலேயே சொல்லியிருந்தாராம்.